சமன்பாட்டு அக்கா

"இது எந்த எக்ஸ் ரீச்சர்? பெருக்கலோ, தெரியாததோ?"

அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு போட்டோக்கொப்பிக் கடை. முன்பக்கம் முழுக்க இயந்திரங்களும் கொப்பிக் கட்டுகளும். பின்சுவரோடு ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு கதிரை. அந்தக் கதிரையில் இருந்தபடி, நான் கையால் எழுதிக் கொண்டுபோன வினாத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டார். எனக்கு அன்று நல்ல களைப்பு. கொடிகாமத்திலிருந்து இரண்டு பஸ் ஏறிக் கோப்பாய்க்குப் போய்ப் படிப்பித்துவிட்டு, திரும்பவும் இரண்டு பஸ் ஏற வேண்டிய ஆள் நான்.

"பாத்தா விளங்கேல்லையே?" என்று சினந்தேன்.

"எனக்கு விளங்குது. பிள்ளையளுக்கெல்லோ விளங்கவேணும்."

சொல்லிவிட்டுப் பேனையை என் கையில் தந்தார். நான் நாற்பத்தெட்டு இடத்தில் வட்டம் போட்டு, இது பெருக்கல், இது தெரியாக் கணியம் என்று குறித்துக் கொடுத்த பிறகுதான் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். என் பஸ் போய்விட்டது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கணித ஆசிரியர்கள் எங்களுக்கு அவர் சமன்பாட்டு அக்கா. தமிழை அடித்துத் தர எத்தனையோ கடைகள் இருந்தன. சமன்பாட்டை அடிக்கத்தான் ஆள் தேட வேண்டும். பின்னத்தைப் பின்னமாக, வர்க்கமூலத்தை அதன் கூரையோடு, அடுக்கை அதற்குரிய உயரத்தில் வைத்து அடிக்க அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டி. கிட்டப் போனால் வலித் தைலம் மணக்கும்.

அவருடைய பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது பெரிய பிடிவாதம்.

வேர்ட்டில் ஒரு சமன்பாட்டைச் செருகினால் அது தனக்கென்று ஒரு எழுத்துருவோடு வந்து இறங்கும். எங்களுக்கு அது போதும். எக்ஸ் எக்ஸாகத் தெரிந்தால் சரி. அக்காவுக்குப் போதாது. அவருடைய மேசையில் பத்தாம் ஆண்டு, பதினோராம் ஆண்டுக் கணிதப் பாடப்புத்தகங்கள் எப்போதும் விரித்தபடி கிடக்கும். அந்தப் புத்தகத்தில் எக்ஸ் எப்படிச் சரிந்திருக்கிறதோ, வினாத்தாளிலும் அப்படியே சரிய வேண்டும். இலக்கம் நேராக நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு சமன்பாட்டையும் சொடுக்கித் திறப்பார். சாதாரண எழுத்தாக மாற்றும் பொத்தானை அழுத்துவார். எழுத்தை மட்டும் தேர்ந்து எழுத்துருவை மாற்றுவார், சரிப்பார். இலக்கத்தைத் தேர்ந்து மாற்றுவார், சரிக்காமல் விடுவார். சக, சய, சமன் என்று நாங்கள் சொல்லும் கூட்டல், கழித்தல், சமக் குறிகளைத் தொடமாட்டார். அவை வந்த எழுத்துருவிலேயே இருக்கும். பிறகு அடுத்த சமன்பாடு. ஒரு வினாத்தாளில் இருநூறு சமன்பாடு வந்தால் இருநூறு தரம்.

"ஏன் அக்கா இவ்வளவு பாடு? ஒண்டாப் பிடிச்சு மாத்த ஏலாதே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒவ்வொண்டாத்தான் ரீச்சர்" என்றார். "புத்தகத்திலை கண்ட முகத்தைத்தான் பிள்ளை சோதினையிலையும் காணவேணும். அங்கை போய்ப் புது முகத்தைக் கண்டா அது பயந்திடும்."

நான் சிரித்தேன். எழுத்துருவைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படப்போகிறது என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். களைத்துவிட்டது என்று ஒருநாளும் சொல்லமாட்டார். "கண் கொஞ்சம் நிக்கட்டும்" என்பார். அவ்வளவுதான்.

அந்தப் பிடிவாதம் எப்படி வந்தது என்பதைக் கனகாலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அதுவும் அவராகச் சொல்லவில்லை. கடையில் போட்டோக்கொப்பி எடுக்கும் பிள்ளை சொன்னாள். அக்கா இந்த வேலைக்கு வந்த புதிதில் ஏழாம் ஆண்டுத் தவணைப் பரீட்சைக்கு ஒரு தாள் அடித்தாராம். தாங்கியில் ஐந்து லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கு. ஐந்தை அடித்து, பக்கத்தில் லீற்றருக்கு ஆங்கில எல் எழுத்தை அடித்தார். புத்தகத்தில் அந்த எல் சுழித்து, வளைந்து, ஒரு கண்ணி மாதிரி இருக்கும். அக்கா அடித்தது நேர்கோடு. அது இலக்கம் ஒன்றைப்போலவே நின்றது. அக்காவின் தங்கச்சியின் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தாங்கியில் ஐம்பத்தொன்று என்று வைத்துக் கணக்குச் செய்துவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, ஐம்பத்தொண்டு என்ன எண்டு போடாமல் விட்டிட்டினம்" என்றாளாம். தாளை அடித்தது தான்தான் என்று அவளுக்குச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லையாம்.

ரியூசன் வாத்தியார் ஒருவர் வருவார். இளம் ஆள். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே அவசரம் தெரியும். ஒருநாள், அக்கா செய்யும் வேகத்தைப் பார்த்துப் பொறுக்காமல், "எழும்புங்கோ அக்கா, நான் செய்யிறன்" என்று தானே கதிரையில் இருந்தார். தான் வீட்டில் அடித்துக் கொண்டுவந்த தாளில் தமிழ் ஒரு எழுத்துருவிலும் மற்றது வேறு எழுத்துருவிலும் கிடந்தது. முழுவதையும் ஒரே பிடியில் பிடித்து, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினார். தமிழ் அழகாக வந்தது. ஆனால் பாமினியில் எக்ஸ் விசையில் இருப்பது ஒ, வை விசையில் இருப்பது ல. எக்ஸும் வையும் வரவேண்டிய இடமெல்லாம் ஒவும் லவும் வந்து நின்றன. இரண்டு எக்ஸ் இரண்டு ஒ ஆனது, மூன்று வை மூன்று ல ஆனது.

அக்கா எட்டிப் பார்த்தார். "சேர், உங்கடை சமன்பாடு தமிழ் படிச்சிட்டுது" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒருநாள்தான். வாத்தியாரும் சிரித்தார், பிறகு எழும்பிக் கதிரையைக் கொடுத்தார். அக்கா இருந்து, ஒவ்வொரு ஒவையும் எக்ஸ் ஆக்கத் தொடங்கினார். வாத்தியார் ஒன்றரை மணித்தியாலம் வாசலில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா மரண அறிவித்தலும் அடிப்பார். மற்றக் கடைகளில் பழைய அறிவித்தல் ஒன்றை எடுத்துப் பெயர்களை மாற்றிவிடுவார்கள். அக்கா முதலிலிருந்து புதிதாகத் தொடங்குவார். வந்தவரைப் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகள், மருமக்கள், பேரர் என்று ஒவ்வொரு பெயராக வாசித்து, "சரியே? இதுக்குப் பிறகு ஆர்?" என்று கேட்பார். அழுதுகொண்டு வந்தவர்களுக்கு அது சிலநேரம் எரிச்சலாக இருக்கும். சிலர் அந்த வாசிப்பின் நடுவில்தான், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை விட்டுவிட்டோம் என்று நினைவு வந்து பதறுவார்கள்.

"எனக்குக் கணக்குத் தெரியாது ரீச்சர்" என்று அடிக்கடி சொல்வார். "கணக்கின்ரை உருவம்தான் தெரியும்." அந்த உருவத்தை வைத்தே என் பிழைகளைப் பிடிப்பார். "இந்த அடைப்பு திறந்தபடி நிக்குது, மூடுறேல்லையோ?" என்பார். "போன வரியிலை ரெண்டு எக்ஸ் இருந்தது, இந்த வரியிலை ஒண்டுதான் நிக்குது, மற்றதை வெட்டினதோ விட்டதோ?" என்பார். பத்துக்கு எட்டுத் தரம் நான் விட்டதுதான். முடிந்ததும் தாளை அச்செடுத்து, தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். தலைகீழாகப் பார்த்தால் வாசிக்க வராது, உருவம் மட்டும்தான் தெரியும், பிழை துலங்கும் என்பது அவருடைய எண்ணம். அச்செடுத்த தாள் இல்லாமல் வெறும் ஃபைலை யாருக்கும் கொடுக்கமாட்டார். "தாள்தான் ரீச்சர் சாட்சி. உந்தத் திரை ஆளுக்கேத்த மாதிரிக் கதைக்கும்."

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, அந்தப் பெரிய சோதினைக்கு முன்னம், கல்விப் பணிமனை ஒரு முன்னோடிப் பரீட்சை வைக்கும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தாள். அந்த முறை கணித வினாத்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மறுக்கவில்லை. கணித பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரியின் மேசையில் என் இடமாற்ற விண்ணப்பம் கிடந்தது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்தேன். என் சின்ன மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதும் அவள் நித்திரை, சில நாளில் திரும்பி வரும்போதும் நித்திரை. அந்த அதிகாரியின் முகம் கோணாமல் நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அந்த வருடம் என் மனதில் இருந்தது.

தாளை அக்காவிடம் கொடுக்கப் பிந்திவிட்டது. பிந்தியது என்னால்தான். அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஃபைல் பணிமனையில் இருக்க வேண்டும். நான் கடைக்குப் போனபோது இரண்டே முக்கால். அக்கா எல்லாவற்றையும் அடித்து முடித்திருந்தார். எழுத்துரு மாற்றும் வேலையில் பாதியில் நின்றார். மணிக்கட்டுப் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். கை வீங்கியிருந்தது.

"இன்னும் எவ்வளவு அக்கா?"

"நூற்றிப் பத்து நிக்குது ரீச்சர். ஒரு ரெண்டு மணித்தியாலம் தாங்கோ."

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஒரு கிழமைக்கு முன் போனில் ஒரு வீடியோவில் பார்த்தது. சின்னதாக ஒரு கட்டளை எழுதி ஓடவிட்டால், ஆவணத்தில் உள்ள சமன்பாடுகள் எல்லாவற்றின் எழுத்துருவும் ஒரேயடியாக மாறும். அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்றும் நினைத்தேன், அது பொய் இல்லை. அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "கொஞ்சம் தள்ளுங்கோ" என்று குனிந்து, அவருடைய தோளுக்கு மேலால் கைநீட்டி அடித்தேன். ஓடவிட்டேன். நூற்றுப்பத்தும் ஒரு இமைப்பில் மாறின.

அக்கா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"குறியளும் மாறியிருக்குமே ரீச்சர்? நான் குறியளைத் தொடுறேல்லை."

"மாறினா என்ன அக்கா? எல்லாம் வடிவாத்தானே தெரியுது."

"தெரியுது" என்றார். "எண்டாலும் ஒருக்கா அச்செடுத்து ஒவ்வொண்டாப் பாப்பம்."

"நேரமில்லை அக்கா. பஸ்ஸைப் பிடிக்கவேணும். ஃபைலைத் தாங்கோ."

"தாள் இல்லாமல் நான் குடுக்கிறேல்லை ரீச்சர்."

"என்ரை தாள் தானே? நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பென் டிரைவைக் கழற்றித் தந்தார்.

நடந்தது இதுதான். நான் கட்டளையில் தெரிவு செய்த அந்த எழுத்துருவில் கழித்தல் குறிக்கு உருவம் இல்லை. அக்காவின் கணினி, இல்லாத குறியை வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டியது. அதனால் எங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. தாளை அச்சடித்த பணிமனைக் கணினி அப்படி எடுக்கவில்லை. குறி இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டது. அக்கா முதலே கையால் மாற்றிய சமன்பாடுகளையும் என் கட்டளை விட்டுவைக்கவில்லை. வினாத்தாள் முழுவதிலும் சமன்பாட்டுக்குள் ஒரு கழித்தல் குறிகூட இல்லை.

பரீட்சை அன்று என் பள்ளிக்கூட மண்டபத்தில் நான் மேற்பார்வைக்கு நின்றேன். முதலில் சில பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் இடைவெளியைக் கண்டு தாங்களாகவே ஏதோ ஒரு குறியைப் போட்டுக்கொண்டார்கள். நான் கவனிக்கவில்லை. கதிரையில் இருந்து கால் ஆறிக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபிறகு, வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பிள்ளை கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், உயர்வுப் பெறுமானம் வருகுதில்லை."

போய்ப் பார்த்தேன். வரைபு கீறும் கணக்கு. சய எக்ஸ் வர்க்கம் என்று தொடங்கவேண்டிய சார்பு, எக்ஸ் வர்க்கம் என்று தொடங்கியிருந்தது. மலைபோல் கவிழவேண்டிய வளைகோடு கிண்ணம்போல் நிமிர்ந்து நின்றது. அதன் உச்சியைக் காண் என்று கேள்வி கேட்டிருந்தது. இல்லாத உச்சியைத் தேடி அந்தப் பிள்ளை நாற்பது நிமிடம் இருந்திருக்கிறாள். மூன்று தரம் அழித்துக் கீறியதில் வரைபுத் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

"முன்னாலை ஒரு சய இருக்கவேணும், பிள்ளை" என்றேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "அப்ப எல்லாத்தையும் திருப்பிக் கீறவோ ரீச்சர்?" என்று கேட்டாள். கோபம் இல்லை. நல்ல களைப்பு மட்டும். பிறகு பென்சிலை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் கையில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று மாலை ஒரு தகப்பன் வினாத்தாளைப் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டார். இரண்டாம் நாள் பரீட்சையை ரத்துச் செய்தார்கள். மூன்றாம் நாள் அதிகாரி என்னையும் அக்காவையும் பணிமனைக்குக் கூப்பிட்டார்.

எனக்குக் கதிரை தந்தார். அக்காவை இருக்கச் சொல்லவில்லை. அக்கா அன்று பச்சைக் கரை போட்ட ஒரு பருத்திச் சேலை உடுத்து, கோயிலுக்குப் போகிறவர்போல் வந்திருந்தார். மேசையில் கிடந்த வினாத்தாளை அதிகாரி பேனையால் தட்டினார்.

"ஆர் இதை ரைப் பண்ணினது?"

"நான்தான் சேர்."

"குடுக்க முந்திப் பாக்கிறேல்லையோ?"

"பாத்திருக்கவேணும் சேர்."

"பின்னை ஏன் பாக்கேல்லை?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் நினைத்தேன். அதிகாரியின் இடது கைப்பக்கம் இருந்த கோப்புக் கட்டில் மேலிருந்து இரண்டாவது என் விண்ணப்பம். அதன் ஓரத்தில் நான் குத்திய நீலக் கிளிப் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பிள்ளையளின்ரை நேரம் தெரியுமே? பொறுப்பில்லாத வேலை" என்றார் அதிகாரி. "இனி எங்கடை வேலை ஒண்டும் அங்கை போகாது. நீங்கள் போகலாம்."

அக்கா போனார். அதிகாரி என்னிடம், "நீங்களும் இனிக் கவனம் ரீச்சர். கண்டவையை நம்பி விடாதேங்கோ" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினது இப்போதும் கழுத்தில் வலிக்கிறது.

வெளியே வந்தபோது, முன்வாசல் கேற்றடியில் அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. நான் கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலால் போய் பஸ் ஏறினேன்.

இரண்டு மாதத்தில் இடமாற்றம் கிடைத்தது. புதுப் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மகளைப் பாலர் பள்ளியில் நானே கொண்டுபோய் விட்டேன். பணிமனை நிறுத்திய பிறகு பள்ளிக்கூடங்களும் ஒவ்வொன்றாக அக்காவிடம் கொடுப்பதை நிறுத்தின என்றும், ரியூசன் வாத்தியார்கூட யாழ்ப்பாண ரவுணில் கொடுக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்று வருடம் போய்விட்டது.

நானாகப் போய்ப் பார்க்கவில்லை. தற்செயலாகத்தான் கண்டேன். என் கணவருக்கு முதுகு வலி. உரும்பிராயில் ஒரு தனியார் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். வாசலில் மேசை போட்டு, நோயாளர்களுக்கு இலக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டு இருந்தவர் அக்கா.

"வாங்கோ ரீச்சர்" என்றார். முடி நன்றாக நரைத்திருந்தது. "எப்பிடி, இப்ப பள்ளிக்கூடம் கிட்டவோ?"

கேட்டது நல்ல மனதோடுதான். கணவரை உள்ளே ஒரு வாங்கில் இருத்திவிட்டு, திரும்பி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தக் கட்டளையை அடிச்சது நான். அச்செடுக்க விடாததும் நான். நான் சொல்லியிருக்கவேணும்."

"தெரியும் ரீச்சர். நான் பக்கத்திலை தானே இருந்தனான்." ஒரு அட்டையில் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு நிமிர்ந்து, "பதினெட்டு!" என்று கூப்பிட்டார். ஒரு கிழவர் எழும்பி உள்ளே போனார்.

"என்னிலை கோவமில்லையே அக்கா?"

"பிழை ஆருக்கும் வரும். எனக்கும் வந்தது. அந்தச் சேருக்கு முன்னாலை சொல்ல ஏலாமல் போயிருக்கும், அதுவும் விளங்குது. உத்தியோகம் எல்லே." பேனையை மேசையில் வைத்தார். "நான் கேற்றடியிலை நிண்டனான். வெளியிலை வந்து எனக்கெண்டாலும் சொல்லுவியள் எண்டு."

"நான் மற்ற வாசலாலை போயிட்டன் அக்கா."

"ஓம். கண்டனான்."

கதவு திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து மேசையடியில் நின்றாள். அக்கா குழந்தையின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். நான் அந்தத் தாய் விலகும் வரை நின்றேன்.

"நான் இப்ப போய்ச் சொல்லட்டோ? பணிமனைக்கு?"

"அது உங்கடை விருப்பம் ரீச்சர்." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பட்டி இல்லை. உட்பக்கத்தில் வெட்டித் தைத்த தழும்பு இருந்தது. "எனக்கு இனி இந்தக் கை கீபோட் அடிக்காது. வேலை திரும்பி வரும் எண்டு யோசிச்சுச் சொல்லவேண்டாம்."

அதற்குப் பிறகும் நான் உடனே போகவில்லை. உண்மையைச் சொல்வதாக இருந்தால், ஐந்து மாதம் பிடித்தது. கணித ஆசிரியர்களுக்குப் பணிமனையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பழைய அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவர் என்னைவிட வயது குறைந்தவர், மரியாதையாகக் கதைப்பவர். முன்னோடிப் பரீட்சை வினாத்தாள் பற்றிய பேச்சு வந்தபோது நான் எழும்பினேன். அந்த முறை கழித்தல் குறிகள் போனது என் அவசரத்தால், ரைப் பண்ணியவர் பார்க்க வேண்டும் என்று சொல்லியும் நான் விடவில்லை, பழி அவர்மேல் போனபோது நான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ரீச்சர் என் சேலைத் தலைப்பை மெல்லப் பிடித்து இழுத்தார், இருக்கச் சொல்லி.

"பரவாயில்லை ரீச்சர். பழசுகளை விடுங்கோ" என்றார் புதிய அதிகாரி, சிரித்த முகத்தோடு. "இப்ப எல்லாம் பிடிஎஃப்பாத்தானே அனுப்பினம். அந்தப் பிரச்சினை இல்லை. அடுத்த விஷயத்துக்கு வருவம்."

அடுத்த விஷயம் கணிதப் போட்டிக்கு மண்டபம் ஒழுங்கு செய்வது.

அந்தச் சனிக்கிழமை உரும்பிராய்க்கு பஸ் ஏறினேன். இந்த முறை நோயாளி யாரும் என்னோடு இல்லை. வைத்தியர் இன்னும் வந்திருக்கவில்லை. வாங்குகளில் நாலைந்து பேர்தான். அக்கா மேசையில் தனியே இருந்து, அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் இருந்த பையை எடுத்துவிட்டு, இருக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"சொல்லிப்போட்டன் அக்கா" என்றேன். "கூட்டத்திலை, எல்லாருக்கும் முன்னாலை."

"ஆருக்கு?"

"புதுசா வந்திருக்கிற அதிகாரிக்கு."

அக்கா கையிலிருந்த அட்டைகளை மேசையில் வைத்தார். குறையாகச் சொல்லவில்லை. என் சேலை மடிப்பில் ஒட்டியிருந்த பஸ் ரிக்கற் துண்டை எடுத்துத் தந்தபடி, மெல்லத்தான் சொன்னார்.

"அவருக்கு என்னைத் தெரியாதே, ரீச்சர்."